கன்னியாகுமரியில் நாங்கள், தக்கலையில் மயிலு

மே 22, 2025, வியாழன்

ஜூன் 2-ஆம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறது. அதற்குள் எங்காவது கூட்டிப் போயே ஆகணும் என்று பிள்ளைகள் ஏப்ரலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்கள். மகளுக்கு 13 வயசு, மகனுக்கு 8. கன்னியாகுமரியில் நீர்விளையாட்டுப் பூங்கா இருக்கிறது என்று வகுப்புத் தோழன் சொன்ன நாளிலிருந்து அவனுக்கு வேறு ஊரே இல்லை. சரி, குமரிக்கே போவோம் என்று முடிவானது.

பிரச்சினை மயிலுதான். எங்கள் நாய், கன்னி இனம். கருப்பு உடம்பு, காலிலும் நெஞ்சிலும் புருவத்துக்கு மேலேயும் வறுத்த கடலைத் தோல் நிறம். ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தெரிந்த அளவுக்கு வெளியூர்க்காரர்களுக்குக் கன்னியைத் தெரியாது. கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்குச் சீரோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிற நாய், அதனால்தான் அந்தப் பேர் என்று என் மாமியார் சொல்வார்கள். நாங்கள் ஊருக்குப் போனால் மயிலுவை அத்தைதான் பார்த்துக்கொள்வார்கள். இந்த முறை கண்புரை ஆபரேஷன் முடிந்து மதுரையில் நாத்தனார் வீட்டில் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் விடலாம் என்றால் அங்கே இருபது கோழி. வேட்டை நாயைக் கொண்டுபோய் அங்கே விட முடியாது.

அதனால் மயிலுவையும் காரில் ஏற்றிக்கொண்டோம். தங்கும் விடுதிக்கு முன்பே இரண்டு தடவை போன் செய்து, "நாய் இருக்கு, பரவாயில்லையா?" என்று கேட்டிருந்தேன். "தாராளமா கூட்டிட்டு வாங்க மேடம்" என்றார்கள். கோவில்பட்டியிலிருந்து மூன்றரை மணி நேரம். வள்ளியூர் தாண்டியதும் வெயில் தணிந்து காற்று மாறியது. மயிலு மூக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டி அந்தக் காற்றை ருசி பார்த்துக்கொண்டே வந்தது.

ஏழு மணிக்கு விடுதிக்குப் போனால், வரவேற்பில் வேறு ஆள். நாயைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ரூமுக்குள்ள விட முடியாது. வேணும்னா கீழ ஜெனரேட்டர் பக்கத்துல கட்டிப் போடுங்க." போனில் சரி என்றவர் யார் என்று அவருக்குத் தெரியாதாம். முன்பணமும் திரும்ப வராதாம். சீசன் நேரம், இருட்டிவிட்டது, பிள்ளைகளுக்குப் பசி. நானும் பிள்ளைகளும் அறைக்குப் போனோம். என் வீட்டுக்காரர் மயிலுவோடு காரிலேயே படுத்துக்கொண்டார்.

ராத்திரி ஒரு மணி வாக்கில் அந்த விடுதியின் காவலாளி, வயசானவர், பிளாஸ்க் மூடியில் சுக்குக்காப்பி கொண்டுவந்து இவருக்குக் கொடுத்திருக்கிறார். கார் கதவைத் திறந்து வைத்து ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம். "பட்டிய நல்ல இடத்துல விடணும்னா தக்கலைக்குக் கொண்டு போங்க சார்" என்றாராம். எங்கள் பக்கம் பட்டி என்றால் ஆடு அடைக்கிற இடம். இவர் குழம்பிப்போய், எந்தப் பட்டி என்று கேட்க, காவலாளி மயிலுவைக் காட்டியிருக்கிறார். அவர் விளவங்கோட்டுக்காரர். அந்தப் பக்கம் நாய்க்கே பட்டி என்றுதான் பேர். நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்னால் ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தார்.

மே 23, வெள்ளி

காலையில் அந்த நம்பரை அழைக்கவில்லை. அது என் தப்பு. நாகர்கோவில் ஓரத்தில் ஒரு நாய் விடுதி இருப்பதாகப் போனில் காட்டியது. ஏசி அறை, பச்சைப் புல்தரை, சிரிக்கிற நாய்கள் என்று படங்கள் வேறு. கிட்டத்தில் இருக்கிறதே என்று அங்கே போனோம்.

உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீள ஷெட். பினாயில் வாசனை கண்ணைக் கரித்தது. அதற்கு அடியில் மூத்திர நாற்றம். தண்ணீர்ச் சட்டிகளின் விளிம்பில் பாசி. கடைசிக் கூண்டில் ஒரு லாப்ரடார், ஆள் வந்ததற்குத் தலையைக்கூடத் தூக்காமல் காதைச் சொறிந்துகொண்டே கிடந்தது. அங்கிருந்த பையன் கேட்டது இரண்டே கேள்வி: எத்தனை நாள், பணம் ஜிபேயா கையிலயா. நாளுக்கு 900 ரூபாய். தடுப்பூசி அட்டையை நீட்டினேன். அதெல்லாம் வேண்டாம் என்றான். மயிலுவின் பேரைக்கூடக் கேட்கவில்லை.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் கயிற்றை வாங்கி இழுத்தான். கன்னிக்குத் தலை ஒடுக்கம், கழுத்தளவுதான் இருக்கும். சாதாரணக் கழுத்துப்பட்டை போட்டால், பின்னுக்கு ஒரு எட்டு வைத்துத் தலையைக் குனிந்தாலே கழன்றுவிடும். அதையேதான் செய்தது. பட்டை அவன் கையில். மயிலு கேட்டைத் தாண்டி ரோட்டில். என் மகள் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. நல்லவேளை, மயிலு ஓடிப்போய் எங்கள் கார்க் கதவோடு ஒட்டி நின்றுகொண்டது, திறந்துவிடு என்கிற மாதிரி. யாரும் எதுவும் பேசவில்லை. ஏறினோம், கிளம்பினோம்.

அப்புறம்தான் நாள்காட்டித் தாளை எடுத்தேன்.

தக்கலைக்கு முன்பே பிரிகிற செம்மண் பாதை. இரண்டு பக்கமும் தென்னை, பலா. பலா மரங்களின் அடித்தூரிலேயே காய்கள் தொங்கின. லுங்கி கட்டிய ஒருவர் வாசலில் நின்றார். அறுபதை ஒட்டின வயசு இருக்கும். எங்களைப் பார்த்து "வாருங்க மக்களே" என்றார். மயிலுவைப் பார்க்கவே இல்லை. படியில் பக்கவாட்டாக உட்கார்ந்து ஒரு கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எங்களோடு பேச ஆரம்பித்தார். ஐந்து நிமிஷம் கழித்து மயிலுவாகப் போய் அந்தக் கையை மோந்து பார்த்தது. அப்போதும் அவர் தொடவில்லை.

அவர் கேட்ட கேள்விகளை வரிசையாகச் சொன்னால் பக்கம் போதாது. என்ன சாப்பிடும், எத்தனை மணிக்கு, யார் கையால்? இடிக்குப் பயப்படுமா? கடிச்சிருக்கா, யாரை? கடைசியாகப் பருவத்துக்கு வந்தது எப்போ? (அந்தச் சமயம் என்றால் எடுக்கமாட்டாராம், மற்ற நாய்களை அடக்க முடியாது.) எவ்வளவு உயரம் தாண்டும்? ஆறடிச் சுவரைக் காட்டி, "இத ஒரு கைப் பாத்துருவாளோ?" என்று கேட்டார். பார்க்கும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

பிறகு அட்டையை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். வெறிநாய் ஊசி ஜூலை வரைக்கும் இருக்கிறது. ஏழு நோய்க்கும் சேர்த்துப் போடுகிற ஊசி மார்ச்சோடு முடிந்திருந்தது. அத்தையின் ஆபரேஷன் அலைச்சலில் மறந்துவிட்டேன். அட்டை என் கையிலேயே இருந்தும் கவனிக்கவில்லை. இப்பவே மருத்துவரிடம் போய்ப் போட்டுக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன்.

"இன்னைக்குப் போட்டா இன்னைக்கே சத்து பிடிக்காது மக்களே. பத்துப் பதினாலு நாளாவது வேணும். உள்ள எட்டுப் பட்டி நிக்கி. பார்வோ மாதிரி நோய் ஒண்ணு வந்துட்டா நம்ம கையில நிக்காது."

அவ்வளவுதான், திருப்பி அனுப்பப் போகிறார் என்று நினைத்தேன். வீட்டை ஒட்டிய சாய்ப்பைத் திறந்து காட்டினார். முன்பு ஆடு நின்ற இடம். சிமெண்ட் தரை காய்ந்து கிடந்தது, ஒரு பக்கம் கம்பி வலை, அதற்கு வெளியே சமையல்கட்டு வாசல். "மத்ததுகளோட விடமாட்டேன். இங்க தனியா நிக்கட்டும். என் வீட்டுக்காரி அடுக்களைல நிப்பா, ஆள் முகம் தெரிஞ்சுக்கிட்டே இருக்கும். பயப்படாண்டாம்." நாளுக்கு 600 ரூபாய், சோறு மீனோடு. முன்பணம் என்று இவர் பர்ஸை எடுத்தபோது, "கொண்டு போகும்போது தாங்க" என்று சொல்லிவிட்டார்.

வீட்டு வாசனை உள்ள பழைய துணி ஏதாவது வேணும் என்றார். மகன் பையைத் துழாவி, முந்தின நாள் போட்டிருந்த டீ-சர்ட்டை எடுத்து நாலாக மடித்துத் தரையில் வைத்தான். மயிலு அதன் மேல் ஏறி மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்தது. அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்: "இப்பப் போயிருங்க. டாட்டா காட்டாண்டாம்."

கார் செம்மண் பாதையைத் தாண்டும் வரை மகள் பேசவில்லை. அப்புறம் அழுதாள்.

மத்தியானம் குமரிக்குத் திரும்பி, படகில் ஏறி, விவேகானந்தர் பாறையிலிருந்து 133 அடி வள்ளுவர் சிலைக்குப் புதுக் கண்ணாடிப் பாலத்தில் நடந்தோம். போன டிசம்பர் 30-ஆம் தேதி திறந்தது, 77 மீட்டர் நீளம். காலுக்குக் கீழே பச்சைத் தண்ணீர் பாறையில் மோதி நுரைக்கிறது. பெரியவர்களே கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். மகன் மட்டும் நடுவில் உட்கார்ந்து கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, "மயிலு இதுல நடக்குமாம்மா?" என்றான்.

ஏழு மணிக்கு அண்ணாச்சியிடமிருந்து இருபது வினாடி வீடியோ. மயிலு டீ-சர்ட் மேல் படுத்திருக்கிறது, பக்கத்தில் தொடாத தட்டு.

மே 24, சனி

பூங்காவுக்குப் போக வேண்டிய நாள். விடியும்போதே மேற்கே வானம் கருத்திருந்தது. டீக்கடையில், கேரளாவில் பருவமழை இறங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். வழக்கமாக ஜூன் 1-ஆம் தேதி வருவது எட்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லையாம். டீ 15 ரூபாய், பழபஜ்ஜி 15. நேந்திரம்பழத்தை நீளவாக்கில் அரிந்து மாவில் முக்கித் தேங்காய் எண்ணெயில் பொரித்தது. அந்தச் சூட்டோடு, மழை வாசனையோடு சாப்பிட்டதை மறக்க மாட்டேன்.

பூங்காவில் முதல் இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அலைக்குளத்தில் மகன் கத்திய கத்தலில் அவன் தொண்டையே கட்டிவிட்டது. பதினோரு மணிக்குப் பிடித்தது மழை. முதலில், எப்படியும் நனைந்துதான் இருக்கிறோம் என்று எல்லோரும் சிரித்தார்கள். இடி கேட்டதும் விசில் ஊதி எல்லோரையும் தண்ணீரிலிருந்து ஏற்றிவிட்டார்கள். நூறு பேர் ஒரே கூரைக்குக் கீழ், ஈரத் துணியோடு, குளிரில். பக்கத்தில் நின்ற தூத்துக்குடி அம்மா, யார் பிள்ளை என்றுகூடப் பார்க்காமல் தன் துண்டால் என் மகனின் தலையைத் துவட்டிவிட்டார்.

அப்போதுதான் பெட்டகத்திலிருந்து போனை எடுத்தேன். அண்ணாச்சியிடமிருந்து மூன்று தவறிய அழைப்புகள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. சுவர் தாண்டிவிட்டது, இடிக்குப் பயந்து ஓடிவிட்டது என்று என்னென்னவோ மனசில் ஓடியது. மழைச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு அழைத்தேன்.

"ஒண்ணுமில்ல மக்களே, பட்டி நல்லா இருக்கு. நேத்து ராத்திரியும் தின்னல, காலையிலயும் தின்னல. ஒரு நாள் தின்னாம கெடக்கது வழக்கந்தான், ரெண்டாவது நாளைக்கு விடப்பிடாது. வீட்டுல சோறு வைக்கும்போது என்ன சொல்லிக் கூப்பிடுவிய?"

போனை ஸ்பீக்கரில் போடுங்கள், நானே கூப்பிடுகிறேன் என்றேன். "அது வேண்டாம். உங்க சத்தம் கேட்டா தேடும், பின்ன ஒதுங்கிப் போயிரும். வார்த்தைய மட்டும் சொல்லுங்க, நான் சொல்லிக்கிடுதேன்."

மயிலுவுக்குச் சோறு வைப்பது அத்தைதான். நான் வைத்தாலும் அத்தை சொல்கிற மாதிரியேதான் சொல்வேன். அத்தனை பேருக்கு நடுவில், ஈரத் தலையோடு நின்றுகொண்டு, போனில் சொன்னேன்: "ஏட்டி மயிலு, வந்து தின்னுட்டுப் போ." மறுமுனையில் அவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "ஏட்டி"யை இழுத்துச் சொல்லணும் என்றேன். மறுபடி சொன்னார். இப்போது சரியாக வந்தது.

சாயங்காலம் ஆறரைக்கு வீடியோ வந்தது. பாதித் தட்டு காலி. பின்னணியில் அவருடைய வீட்டுக்காரம்மா குரல், எங்கள் அத்தையின் வார்த்தையில்: "ஏட்டி மயிலு…" நாங்கள் நாலு பேரும் அதைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்போம்.

மே 25, ஞாயிறு

நாள் முழுக்க மழை. கடல் சாம்பல் நிறத்தில் எழும்பி விழுந்தது, படகு விடவில்லை. வெள்ளிக்கிழமையே பாலத்தைப் பார்த்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தது. வெளியூர்ப் பேருந்துகளில் வந்தவர்கள் பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையில் நின்றபடியே வள்ளுவரைக் கும்பிட்டார்கள்.

நாகர்கோவிலுக்குப் போய்ச் சாப்பிட்டோம். அவியல், எரிசேரி, புளிசேரி, கடைசியில் அடைப்பிரதமன். எல்லாவற்றிலும் தேங்காய். எங்கள் கரிசல் நாக்குக்கு முதலில் கொஞ்சம் திகட்டியது, புளிசேரிக்கு அப்புறம் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன். பரிமாறியவர், "குட்டிகளுக்குப் பப்படம் போதுமா?" என்று கேட்டுக் கேட்டு வைத்தார். வெளியே ஒரு கடையில் ரசவடை; பருப்பு வடையைச் சூடான ரசத்தில் ஊறப்போட்டு மேலே கொத்தமல்லி. மழைக்கு அதைப் போல ஒன்று இல்லை. முந்திரிக்கொத்து ஒரு பொட்டலம் 80 ரூபாய். பேர்தான் முந்திரி, உள்ளே வறுத்த பாசிப்பயறும் வெல்லமும் தேங்காயும். அத்தைக்குப் பிடிக்கும் என்று இரண்டு வாங்கினேன்.

நாகர்கோவிலிலிருந்து தக்கலை பதினைந்து கிலோமீட்டர்தான். ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாமா என்று மகன் கேட்டான். எனக்கும் அதே நினைப்பு. அண்ணாச்சியிடம் கேட்டேன். "வந்தா சந்தோஷப்படும், போனா ரெண்டு மடங்கு சங்கடப்படும். நாளைக்குக் கூட்டிட்டுப் போக வாருங்க" என்றார். கார் கண்ணாடியில் வழிகிற மழையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் இவர் வண்டியைக் குமரிப் பக்கம் திருப்பினார். எனக்கு அதில் இன்னும் வருத்தம் இருக்கிறது. அவர் சொன்னது சரி என்றும் தெரிகிறது.

மே 26, திங்கள்

அறையைக் காலி செய்யும்போது காவலாளியைத் தேடினேன். இரவு வேலை முடிந்து போய்விட்டார். முந்திரிக்கொத்துப் பொட்டலம் ஒன்றை வாசலில் இருந்தவரிடம் அவருக்காகக் கொடுத்தேன்.

தக்கலைக்குப் பக்கம்தான் பத்மநாபபுரம் அரண்மனை. போகிற வழியில் பார்த்துவிடலாம் என்று போனால், திங்கட்கிழமை விடுமுறை. பூட்டிய கதவுக்கு முன்னால் எங்களைப் போல நாலு குடும்பம். மகளுக்கு அந்த மரவேலைகளைப் பார்க்க ரொம்ப ஆசை. மதிலைத் தாண்டித் தெரிந்த ஓட்டுக் கூரையை மட்டும் பார்த்துவிட்டு வந்தாள். செவ்வாயிலிருந்து ஞாயிறுக்குள் வாருங்கள், எங்களைப் போல ஏமாறாதீர்கள்.

செம்மண் பாதை சேறாகிக் கிடந்தது. கேட்டில் கார் நிற்கும்போதே சாய்ப்பிலிருந்து ஒரு குரல் வந்தது. குரைப்பு மாதிரி இல்லை. வீட்டில் அத்தை வாசலுக்கு வரும்போது மட்டும் மயிலு எழுப்புகிற, ஊளைக்கும் முனகலுக்கும் நடுவில் ஒரு சத்தம். அண்ணாச்சி முதலில் கழுத்தில் அகலமான தோல்பட்டையைப் போட்டு, இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்து, அப்புறம்தான் கதவைத் திறந்தார். மயிலு எங்களைச் சுற்றி ஐந்தாறு தடவை ஓடியது. பிறகு மகனின் இரண்டு கால்களுக்கு நடுவில் தலையை நுழைத்து அப்படியே நின்றுவிட்டது. அவன் குனிந்து அதன் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டான். ரெண்டு பேரும் நகரவில்லை.

அண்ணாச்சி ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு. மயிலுக்கு ஒரு பக்கம். அதில் இருந்தபடியே தருகிறேன்:

வெள்ளி ராத்திரி: தொடவில்லை. தண்ணீர் குடித்தது.
சனி காலை: தொடவில்லை. இடி நேரம் மூலையில் இருந்தது, கூட இருந்தேன்.
சனி மத்தியானம்: முட்டை ஒன்று.
சனி 6.10: சோறு, சாளை. பாதி.
ஞாயிறு காலை: முழுசும். வெளிக்கு நல்லபடி.
ஞாயிறு ராத்திரி: முழுசும். உண்ணி ஒன்று, இடது காது, எடுத்தாச்சு.

"கூட இருந்தேன்" என்ற இடத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இடி முழங்கிய அந்த நேரம் நாங்கள் பூங்காவின் கூரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தோம்.

மூன்று ராத்திரிக்கு 1,800 ரூபாய். அந்தத் தோல்பட்டையை அப்படியே விட்டுவிட்டார், காசு கேட்கவில்லை. நான் வற்புறுத்தி 300 கொடுத்தேன். உண்ணிக் காய்ச்சலுக்கு இரண்டு வாரம் கவனிக்கணும், ஈறு வெளுத்தால் உடனே மருத்துவரிடம் போகணும், ஊருக்குப் போனதும் அந்த ஏழு நோய் ஊசியைப் போடணும் என்று சொன்னார். அவருடைய வீட்டுக்காரம்மா ஒரு சீப்பு மட்டிப்பழம் கொண்டுவந்து மகள் கையில் கொடுத்தார். விரலளவு பழம், தோலை உரித்ததுமே கார் முழுக்க மணம். "பட்டிக்கும் ஒண்ணு கொடு மோளே, நேத்து ரெண்டு தின்னா" என்றார். எங்கள் வீட்டில் மயிலு வாழைப்பழத்தைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

திரும்பும்போது ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வண்டியையே ஒரு பக்கம் தள்ளியது. முப்பந்தல் காற்றாலைகள் எல்லாம் சுழன்றுகொண்டிருந்தன. மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிய மழை இந்தப் பக்கம் ஒரு சொட்டு இல்லை. பத்து நிமிஷத்தில் வெயில். மயிலு மகன் மடியில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வர ஏழு மணி. சோறு வைத்துக் கூப்பிட்டேன். ஒன்பது மணிக்குப் போன் வந்தது.

"தின்னுச்சா மக்களே?"

"முழுசும் தின்னுட்டு அண்ணாச்சி."

"எத்தனை மணிக்கு?"

"ஏழே கால் இருக்கும்."

பேனா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. எழுதி முடிக்கும் வரை காத்திருந்தேன்.